எட்டாவது போர்வை

அன்று காலை அவள் ஒரு வரியைத் தாண்டிப் படித்துவிட்டாள். வேண்டுமென்று தாண்டவில்லை. அடுப்பில் பால் இருந்தது. கண் பாதி காகிதத்திலும் பாதி பாத்திரத்திலுமாக இருந்தது.

சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அவள், எதிரே கணவர். அவள் கையில் போர்க் காலத்து மீட்புப் படகு ஒன்றின் நாட்குறிப்பு நகல். அவர் கையில் சிவப்புப் பென்சில். அவள் நேரத்தையும் இடத்தையும் உரக்கப் படிப்பாள், அவர் தன் பட்டியலில் குறி போடுவார். பதினோரு வருடமாக அந்த வீட்டில் காலைத் தேநீர் இப்படித்தான் ஆறிப்போய்க்கொண்டிருந்தது.

“ஒரு வரி தாண்டிட்ட,” என்றார்.

“தாண்டினா என்ன, கடல் வத்திடுமா?”

“கடல் வத்தாது. அந்த வரியில இருக்கறவன் இன்னொரு தடவை மூழ்கிடுவான்.”

அவள் விட்ட வரியைப் படித்தாள். அதற்குள் பால் பொங்கி அடுப்பை நனைத்துவிட்டது. “உங்க ஆளு பொழைச்சுட்டான், என் பால் போச்சு,” என்று முனகிக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். கதவைச் சாத்தும்போது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தபோது மேசையில் தலை சாய்த்திருந்தார். கண்ணாடியோடு தூங்குகிறாரே, அதன் கால் வளைந்துவிடப் போகிறது என்று முதலில் கண்ணாடியைத்தான் கழற்றினாள்.

அதற்கப்புறம்தான் கையைத் தொட்டாள்.

இருபது நாள் கழித்துக் காற்புள்ளி வந்தார். துறைமுகத்து நினைவுக் குழுவின் செயலாளர் அவர். எந்த வாக்கியத்தையும் முடிக்கமாட்டார், பாதியில் நிறுத்தி அடுத்ததற்குப் போய்விடுவார் என்பதால் அவள் கணவர் வைத்த பெயர். அது அவருக்கும் தெரியும், கோபப்பட்டதில்லை.

துறைமுக அலுவலகத்தின் முன்கூடத்தில் ஒரு கல்பலகை வைக்கப் போகிறார்கள். போரின்போது கடலில் விழுந்த விமானிகளை யார் யார் காப்பாற்றினார்கள் என்ற பட்டியல் அதில் செதுக்கப்படும். ‘எங்கள் அப்பா காப்பாற்றினார்’, ‘எங்கள் தாத்தாவின் படகுதான் தூக்கியது’ என்று முந்நூறு குடும்பங்களுக்கு மேல் எழுதியிருந்தன. அத்தனையையும் சரிபார்க்கும் பொறுப்பு அவள் கணவருடையது. அவர் தொழிற்சாலையில் அளவுப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். மயிரிழை பெரிதாக இருந்தாலும் உருப்படியைத் தூக்கி எறிந்து முப்பது வருடம் பழகிய கை. சம்பவம் நடந்த அன்றோ மறுநாளோ எழுதிய பதிவு வேண்டும்; ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு பதிவுகள் வேண்டும்; வீட்டில் சொன்ன கதை செல்லாது. இதுதான் அவர் வைத்த சட்டம். நூற்று நாற்பது குடும்பங்களுக்கு ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். சாலையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

“அண்ணி, நான் எதுக்கு வந்தேன்னா,” என்று ஆரம்பித்தார் காற்புள்ளி, “அண்ணனோட அப்பா கோப்பு ஒண்ணுதான் பாக்கி, அவர் அதை முடிக்காமலே, நாங்க எல்லாருமாப் பேசினோம், அவருக்கு ஒரு மரியாதையா அந்தப் படகோட பேரை,”

“ஆதாரம் கிடைச்சுதா?”

“அது வந்து, இத்தனை வருஷம் உழைச்சவருக்கு,”

“தம்பி, நூத்தி நாப்பது வீட்டுக்கு இல்லன்னு சொன்னவர் அவர். அவர் வீட்டுக்கு மட்டும் சும்மா ஆமான்னு போட்டா, எழுதின அத்தனை ‘இல்லை’யும் பொய்யாயிடும். செத்த மனுஷனை நீங்களே பொய்யராக்கப் போறீங்களா?”

காற்புள்ளி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எத்தனை நாள் இருக்கு?” என்று கேட்டாள்.

“கல் செதுக்கறவர் மாசக் கடைசியில வேற ஊருக்கு, அதுக்குள்ள பட்டியல் கையில,”

“இருபத்தி நாலு நாள். அதுக்குள்ள நான் பாத்துச் சொல்றேன். இல்லன்னா அந்தக் கோப்புலயும் ‘இல்லை’ன்னு நானே எழுதிக் குடுத்துடறேன்.”

அவர் போனபிறகு மாமனாரின் அந்த நீலக் கோப்பைத் திறந்தாள். மேல் தாளில் கணவரின் கையெழுத்தில் இரண்டே வரி இருந்தது. ‘அப்பா பொய் சொல்கிறவர் அல்ல. இது ஆதாரம் ஆகாது.’

அவள் மாமனார் போரில் பதினான்காம் எண் மீட்புப் படகில் மேல்தளப் பணியாளாக இருந்தவர். அப்புறம் மரக்கடையில் பலகை அறுத்தார். அதிகம் பேசாதவர். ஆனால் ஒரே ஒரு கதையை மட்டும் அலுக்காமல் சொல்வார். அவள் கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே சொன்னார். “ஏழு பேரும்மா. ஒவ்வொருத்தனையும் இந்தக் கையால படகுக்குத் தூக்கினேன்.” தம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடித்துத்தான் குடிப்பார், வலக்கை விரல்கள் முழுதாக மடங்காது. மரக்கடை வேலை பண்ணின கை என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

கோப்பில் இருந்ததோ வேறு. குறிப்பிட்ட அந்தப் பதினேழாம் தேதி, ரப்பர் மிதவையில் கிடந்த ஏழு விமானிகளைக் கடல் விமானம் ஒன்று தண்ணீரில் இறங்கி மீட்டது என்று விமானத் தளத்தின் பதிவு சொன்னது. பதினான்காம் படகின் நாட்குறிப்பிலோ இரண்டே வரி. ‘கடல் விமானத்துக்கு அருகே நின்றோம். மூன்று மணிக்குத் துறை திரும்பினோம்.’ ஆளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தக் காலத்து உத்தரவு ஒன்றின் நகலையும் கணவர் கூடவே வைத்திருந்தார்: மீட்கப்பட்டவரை முதலில் தொட்ட பிரிவு மட்டுமே பதிவு செய்யவேண்டும், ஒரே ஆள் இரண்டு இடத்தில் ஏறக்கூடாது. படகின் மௌனத்துக்கு அது காரணமாக இருக்கலாம். ஆனால் மௌனத்தை வைத்து எதை நிரூபிப்பது? ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘விமானம் பாரத்தோடு எழும்ப முடியாமல் ஆட்களைப் படகுக்கு மாற்றியிருக்குமோ? எங்கே எழுதியிருப்பார்கள்?’

அந்தக் கேள்வியோடு அவர் ஒன்பது வருடம் குடும்பம் நடத்தியிருந்தார்.

மறுநாள் காலை பேருந்து ஏறி ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். பெட்டி எடுத்துத் தரும் பெண் இவளைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள். மூக்கு அடைத்த குரலில், “சார் உக்கார்ற இடம் அதுதாம்மா, ஜன்னல் பக்கம். உக்காருங்க,” என்றாள்.

“வேண்டாம்மா. அந்த நாற்காலி ஆடுதுன்னு வீட்டுக்கு வந்து தினம் திட்டுவார்.”

“என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே.”

“உன்கிட்ட எப்படிச் சொல்வார்? நீ நல்ல பொண்ணு. திட்டறதுக்குத்தான் வீட்ல ஆள் இருந்துதே.”

பெண் சிரித்து, உடனே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எந்தப் பெட்டிம்மா எடுக்கணும்? நடவடிக்கைப் பதிவு, நாட்குறிப்பு, தந்தி, எல்லாமே சார் பாத்து முடிச்சாச்சு.”

அவளுக்கும் அது தெரியும். வேறு எங்கே தேடுவது என்று பேருந்தில் வரும் வழியெல்லாம் யோசித்திருந்தாள். கணவருக்கு இயந்திரம் தெரியும். அவளுக்குத் துணி தெரியும். பெரிய மருத்துவமனை ஒன்றின் துணிக்கிடங்கில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். படுக்கை விரிப்பு, போர்வை, அறுவை அறைத் துணி எதுவானாலும் அழுக்கு ஒன்று வந்தால்தான் வெளுத்தது ஒன்று போகும். டாக்டர் எழுத மறப்பார், நர்ஸ் நேரத்தை மாற்றி எழுதுவார். துணிக்கிடங்கு மட்டும் ஏமாறாது. பெரிய டாக்டரே வந்து நின்றாலும் பழையதைக் கொடுக்காமல் புதியது வாங்கிக்கொண்டு போனதில்லை.

“அந்தத் துறையில படகுப் போர்வையெல்லாம் யாரு துவைச்சாங்க?” என்று கேட்டாள்.

பெண் விழித்தாள். “போர்வையா?”

“தண்ணியிலேர்ந்து எடுத்த ஆளைப் போர்வையில சுத்தாம எப்படிக் கொண்டு வருவாங்க? கரைக்கு வந்ததும் ஈரப் போர்வையைக் குடுத்துட்டுக் காஞ்சது வாங்கணுமே. குடுத்தது வாங்கினது எழுதாம எந்தக் கிடங்கும் நடக்காதும்மா.”

பட்டியலை ஒரு மணி நேரம் புரட்டிவிட்டுப் பெண் உள்ளே போனாள். துறைக் கிடங்கு, பல்வகை என்று எழுதிய இரண்டு பெட்டிகளோடு திரும்பி வந்தாள். கயிறு அவிழ்க்கப்படாமல் இறுகிக் கிடந்தது. “இதை யாரும் கேட்டதே இல்லம்மா. சார்கிட்ட ஒரு தடவை காட்டினேன். சோப்பு, துடைப்பம், கரண்டி, இதுல என்ன இருக்கும்னு திருப்பிக் குடுத்துட்டார்.”

அவள் மனசுக்குள் மட்டும், ‘அதான் வீட்ல ஒரு வார்த்தை கேக்கணும்கறது,’ என்றாள்.

மூன்றாவது நாள், நான்காவது பதிவேட்டில், அது இருந்தது. தேதி பதினேழு. படகு பதினான்கு. வாங்கியது: போர்வை, நனைந்தது, எட்டு. கொடுத்தது: போர்வை, உலர்ந்தது, எட்டு. பக்கத்தில் கிடங்குக்காரரின் சுருக்கொப்பம். அதற்கு முந்தைய பதினொரு நாளில் அந்தப் படகு ஒரு போர்வைகூட மாற்றவில்லை.

அவள் அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒரு கிடங்குக்காரர், அவளைப் போலவே ஓரத்தில் கோடு கிழித்து, அவளைப் போலவே எட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்து எழுதியிருந்தார். அந்த ஆளை எழுந்து கும்பிடவேண்டும் போலிருந்தது.

ஆனால் ஏழு அல்லவா இருந்திருக்க வேண்டும்?

ஒரு போர்வை தவறித் தண்ணீரில் விழுந்திருக்கலாம். ஒருவனுக்கு இரண்டு சுற்றியிருக்கலாம். கணவர் இருந்தால் இப்படித்தான் சொல்வார், சொல்லிவிட்டு எண் பொருந்தவில்லை என்று ஓரத்தில் எழுதுவார். அவளுக்குத் தெரிந்தது வேறு. மூட்டையில் ஒரு துணி கூடுதலாக இருந்தால் எங்கோ ஒரு ஆள் இருக்கிறான். முப்பத்தொரு வருடத்தில் அது பொய்த்ததே இல்லை.

“இந்தத் துறையில முதலுதவி அறைன்னு ஏதாவது இருந்துதா?” என்றாள்.

இரண்டாவது பெட்டியின் அடியில் அதற்கும் ஒரு நோட்டு இருந்தது. பதினேழாம் தேதியின்கீழ் எட்டு வரிகள். முதல் ஏழு வரிகளில் ஏழு விமானிகள், பெயர், பதவி, காயம். கடல் விமானத்துப் பதிவில் இருந்த அதே ஏழு பெயர்கள். கொண்டுவந்தது யார் என்ற இடத்தில் ‘படகு 14’ என்று எழுதி, கீழே வரிசையாக மேற்படிக் குறி. எட்டாவது வரியில் பெயருக்கான இடத்தில் எதுவும் இல்லை. ‘படகுப் பணியாள்’ என்று மட்டும். ‘இரு உள்ளங்கையிலும் கயிறு அறுத்த ஆழமான காயம். தலை உச்சியில் கைப்பிடி முடி வேரோடு பிடுங்கப்பட்டிருக்கிறது. அதிகக் குளிர். உயிருக்குப் பயமில்லை.’

கிடங்குக்காரரும் முதலுதவி அறையில் இருந்தவரும் ஒருவர் நோட்டை மற்றவர் பார்த்து எழுதியிருக்க முடியாது. ஒருவர் போர்வையை எண்ணினார், இன்னொருவர் காயத்தை எண்ணினார். இரண்டு பதிவும் கிடைத்தாயிற்று. மாமனார் சொன்னது உண்மை. அந்த ஏழு பேரும் பதினான்காம் படகில்தான் கரைக்கு வந்தார்கள்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளுக்கோ எட்டாவது வரியை விட்டுக் கண் நகரவில்லை. மாமனாரின் உச்சந்தலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடியே முளைக்காத இடம் இருந்தது. பேரப் பிள்ளைகள் கேட்டால், “கடல் அரிச்சுடுச்சு,” என்பார். அப்புறம் அந்தக் கை. மடங்காத விரல்கள்.

பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது.

ஐந்து வருடம் இருக்கும். ஒரு காலை, தேநீர் ஆறிக்கொண்டிருக்க, அவள் ஒரு படிவத்தை உரக்கப் படித்தாள். விமானி ஒருவரின் மகள் அனுப்பியது. கடலில் விழுந்து மீட்கப்பட்ட தன் அப்பா, மீட்ட படகின் ஆள் ஒருவனையே முடியைப் பிடித்துத் தூக்கிக் காப்பாற்றினார் என்று எழுதியிருந்தாள். “முடியைப் பிடிச்சுத் தூக்க இது என்ன கெணத்துல விழுந்த பூனையா?” என்று அவள் கேட்டாள். கணவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் நன்றாகத்தான் சிரித்தார்கள்.

நிராகரித்த கோப்புகள் படுக்கையறை அலமாரியில் ஐந்து பெட்டிகளில் இருந்தன. செருப்பைக்கூடக் கழற்றாமல் தேடினாள். இரண்டாவது பெட்டியில் கிடைத்தது. கணவரின் கையெழுத்து: ‘தேதி பதினெட்டு என்கிறார். பதினெட்டாம் தேதி படகு 14 இயந்திரப் பழுதால் துறையில் கட்டிக் கிடந்தது. மூலக் கடிதத்தைக் காட்ட மறுக்கிறார். ஏற்பதற்கில்லை.’ அதோடு அந்தப் பெண் அனுப்பிய இரண்டாவது கடிதம். தட்டச்சில் ஒரு பிழை இல்லாமல், அவரை இதயமில்லாத அளவுகோல் என்று திட்டியிருந்தாள். கடிதத்தின் மூலையில் கணவர் குறித்திருந்தார்: ‘நியாயமான கோபம். பதில் வேண்டாம். பத்திரப்படுத்தவும்.’

தொலைபேசி எண் படிவத்திலேயே இருந்தது. தான் யார் என்று அவள் சொன்னாள்.

“உங்க வீட்டுக்காரர் எங்க அப்பாவைப் பொய்யர்னு எழுதினவர்,” என்றது குரல்.

“பொய்யர்னு எழுதலைங்க. ஏற்பதற்கில்லைன்னு எழுதினார்.”

“என்ன வித்தியாசம்?”

“அவருக்கு ரெண்டும் வேற. நமக்கு ஒண்ணுதான். அவர் போன மாசம் தவறிட்டாருங்க.”

“அது எனக்குத் தெரியாது,” என்றாள் அந்தப் பெண், குரல் இறங்கி. “சொல்லுங்க.”

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தத் தேதியை எதை வெச்சு எழுதினீங்க?”

“அப்பா எங்க அம்மாவுக்கு எழுதின கடிதத்துல மேல போட்டிருக்கு. பதினெட்டுன்னு தெளிவா.”

“அது கடிதம் எழுதின தேதியா, சம்பவம் நடந்த தேதியாம்மா?”

மறுமுனையில் இழுப்பறை திறக்கும் ஓசை கேட்டது. தாள் சரசரத்தது. வெகுநேரம் கழித்து அந்தப் பெண், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறவள்போல, “‘நேற்று மதியம்,’” என்றாள். உடனே, “அட ஆண்டவா. தட்டச்சுப் பள்ளி நடத்தினவ நான். ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் தேதியைப் பாருன்னு சொல்லிச் சொல்லி,” என்று தன்னையே நொந்துகொண்டாள்.

“எங்க வீட்டுக்காரர் கடிதத்தைக் கேட்டாரே, அப்பவே காட்டியிருந்தா,”

“எப்படிங்க காட்டறது? அதுல முக்கால்வாசி எங்க அம்மாவுக்கு எழுதினது. கட்டின பொண்டாட்டியைப் பாத்து ஏழு மாசம் ஆனவர் எழுதினது. அதை ஒரு கமிட்டி உக்காந்து, கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிக்கணுமா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் இறந்த பிறகு வந்த முதல் சிரிப்பு. “வேண்டாங்க. அதை மூடிக் கொண்டுவாங்க. நமக்குக் கடல் மட்டும் போதும்.”

அடுத்த வாரம் அந்தப் பெண் நான்கு மணி நேரம் ரயிலில் வந்து இறங்கினாள். ஒல்லியான உருவம், நேரான முதுகு. கைப்பையிலிருந்து எடுத்த கடிதத்தில், காட்டக்கூடாத வரிகள்மேல் வெள்ளைத் தாளை அளவாக வெட்டி ஊசியால் குத்தியிருந்தாள். இடையில் ஒரு பத்தி மட்டும் ஜன்னல் போலத் திறந்திருந்தது. அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அவர் தலை சாய்த்த அதே மேசை. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல உரக்கப் படித்தாள்.

‘நேற்று மதியம் விமானத்திலிருந்து எங்களைப் படகுக்கு மாற்றினார்கள். அலை இரண்டையும் முட்ட வைத்துக்கொண்டே இருந்தது. படகில் ஒரு ஆள் கம்பியில் காலை மாட்டிக்கொண்டு, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போல எங்களை ஒவ்வொருவராக வாங்கினான். ஆறாவது ஆள் வழுக்கி நடுவே விழுந்துவிட்டான். அந்த ஆள் ஒரு நொடி யோசிக்கவில்லை, கயிற்றோடு குதித்துவிட்டான். அவனைக் கட்டி மேலே அனுப்பினான். தனக்கென்று வந்த கயிறு கையை அறுத்துக்கொண்டு நழுவிவிட்டது. நான் பக்கத்தில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தேன். குனிந்து எட்டியதில் எனக்கு அகப்பட்டது அவன் தலைமுடிதான். விட்டேனா பார். ஏறினதும் என்ன செய்தான் தெரியுமா, ரத்தக் கையோடு போய் ஏழாவது ஆளையும் தூக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தான். பிறகு என்னிடம் வந்து, நான் விழுந்ததை யாரிடமும் சொல்லாதே, படகுக்காரன் தண்ணீரில் விழுந்தான் என்றால் துறையே சிரிக்கும் என்றான். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.’

அதற்குக் கீழே மறுபடி வெள்ளைத் தாள்.

அவள் எந்த வரியையும் தாண்டவில்லை.

மாமனார் ஏன் ஏழோடு நிறுத்திக்கொண்டார் என்பது இப்போது புரிந்தது. அவர் சொன்ன கதையில் பொய் இல்லை. தன்னைப் பற்றிய ஒரு வரியைத்தான் தாண்டியிருந்தார்.

“எங்க வீட்டுக்காரர் பொறந்தது இதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு,” என்றாள். விருந்தாளி வருமுன் சொல்வதற்கென்று இரண்டு மூன்று வாக்கியம் யோசித்து வைத்திருந்தாள். நன்றி, கடமைப்பட்டிருக்கிறோம் என்றெல்லாம் அவற்றில் இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை. “நாப்பத்தி நாலு வருஷம் குடும்பம் நடத்தினேங்க. அது எனக்கு உங்க அப்பா குடுத்தது.”

அந்தப் பெண் மேசையைத் துடைப்பதுபோல உள்ளங்கையால் தடவினாள். “அப்படிப் பாத்தா நான் பொறந்தது இந்தக் கடிதத்துக்கு அடுத்த வருஷம். என்னை உங்க மாமனார் குடுத்தார். யாரு யாருக்குப் பாக்கின்னு பாத்துக்கிட்டிருந்தா தேநீர் ஆறிடும். ஊத்துங்க.”

ஊற்றினாள். சூடாகவே குடித்தார்கள்.

கொஞ்சநேரம் கழித்து, “உங்களை நினைச்சுச் சிரிச்சிருக்கோம்,” என்று சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. “படிவத்தைப் படிச்சுட்டு. கெணத்துல விழுந்த பூனையான்னு கேட்டவ நான்தான்.”

“நானும் உங்க வீட்டுக்காரரை இதயமில்லாத அளவுகோல்னு எழுதினேன்.”

“அது அவருக்குப் பிடிச்சுதுங்க. பத்திரமா வெச்சிருந்தார்.” மூலைக் குறிப்பை எடுத்துக் காட்டினாள்.

நியாயமான கோபம் என்ற அந்த இரண்டு சொல்லை விருந்தாளி வெகுநேரம் பார்த்தாள். பிறகு கைக்குட்டையைத் தேடினாள். “இதைச் சொல்லியிருக்கலாமே அந்த மனுஷன்,” என்றாள்.

“அவர் என்கிட்டயே எதைச் சொன்னார்? எல்லாம் ஓரத்துல எழுதி வெச்சுட்டுப் போயிட்டார். இப்பத்தான் ஒவ்வொண்ணா வாசிச்சுக்கிட்டிருக்கேன்.”

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கையில் காற்புள்ளி வந்து கோப்பைப் படித்தார். படித்து முடித்து எழுந்து நின்றார். “அண்ணி, இது வந்து, அண்ணன் மட்டும் இருந்திருந்தா,” என்று நிறுத்தினார். இந்தத் தடவை அடுத்ததற்கும் போகவில்லை.

பதினேழாம் தேதிக்கு நேராகக் கடல் விமானத்தோடு பதினான்காம் படகும் ஏறுவதென்று முடிவாயிற்று. அதன்கீழே இன்னொரு வரி: ‘படகுப் பணியாள் ஒருவர், மீட்கப்பட்ட விமானி ஒருவரால் காப்பாற்றப்பட்டார்.’ நிராகரித்த கோப்பில் அவளே தன் கையால் ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதித் தேதி போட்டாள். கணவர் எழுதியதை அடிக்கவில்லை. அவர் கையில் இருந்த தாள்களை வைத்து அவர் சொன்னது சரிதான்.

“பணியாள் ஒருவர்னு மொட்டையா எதுக்கு,” என்றார் காற்புள்ளி. “அண்ணனோட அப்பா பேரைப் போட்டுடலாம், அவர்தான்னு நமக்கு எல்லாம்,”

ஊருக்குத் திரும்பியிருந்த விமானியின் மகளும் தொலைபேசியில் அதையேதான் சொன்னாள். “பேரைப் போடுங்க. எங்க அப்பா தூக்கினவர் பேர் அங்க இல்லாம இருந்தா எனக்கு உறுத்தும்.”

ஆசை இல்லாமல் இல்லை. இரண்டு நாள் யோசித்தாள். படகில் ஒன்பது பேர் இருந்தார்கள். குதித்தவன் யார் என்று எந்தத் தாளும் சொல்லவில்லை. விமானி பெயர் கேட்கவில்லை, முதலுதவி அறைக்காரர் எழுதவில்லை. கையும் தலையும் அவள் கண்ணால் பார்த்தவை. ஆனால் அது வீட்டில் பார்த்தது.

“எனக்குத் தெரியும் தம்பி,” என்றாள். “உங்களுக்கும் தெரியும். அது போதும். ஒருவர்னே செதுக்கச் சொல்லுங்க. மத்த எட்டுப் பேரோட பிள்ளைங்களும் வந்து பாப்பாங்க இல்ல.”

பலகை வைத்த மறுநாள் பெட்டிகளைத் திருப்பி ஒப்படைத்ததற்குக் கையெழுத்துப் போடக் காப்பகத்துக்குப் போனாள். பெட்டி எடுத்துத் தரும் பெண்ணுக்குச் சளி விட்டிருந்தது. கயிறு கட்டுவதற்கு முன் இன்னொரு தடவை பார்க்கிறீர்களா என்று கேட்டு, அவளே முதலுதவி அறை நோட்டைத் திறந்து வைத்தாள். எட்டாவது வரியில் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. அவள் அதை அப்படியே மூடிக் கயிற்றைக் கட்டச் சொன்னாள்.